அப்பா அம்மாவோடு ஒன்சென்னுக்கு: ஜப்பானின் வெந்நீர் ஊற்றுகளுக்கு முதியவர்களை முதன்முறை அழைத்துப் போகிறவர்களுக்கு

தென்காசிக்காரர்களுக்குக் குளியல் என்றால் அருவிதான். தலையில் மடமடவென்று விழும் தண்ணீர், நெருக்கியடிக்கும் கூட்டம், நல்லெண்ணெய் வாசம், உடம்போடு ஒட்டிக்கொண்ட ஈரத்துணி. என் அப்பாவும் அம்மாவும் அப்படிக் குளித்தே வயதானவர்கள். 90 நாள் விசாவில் முதன்முறை தோக்கியோ வந்தபோது அப்பாவுக்கு 76 வயது. முழங்கால் தேய்மானம், பிரஷர் மாத்திரை. அம்மாவுக்கு 71, நெடுநாள் சர்க்கரை. நவம்பர் குளிரில் இரண்டு பேரும் ஹீட்டரை விட்டு நகரவே இல்லை. "ஒன்சென்னுக்கு அழைத்துப் போங்கள், கால் வலிக்கு இதமாக இருக்கும்" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். போனோம். அன்றைக்கு நான் செய்த தவறுகளையும், அதற்குப் பிறகு போன நாலைந்து பயணங்களில் கற்றுக்கொண்டதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஊரிலிருந்து பெற்றோர் வரப்போகிறார்கள், எங்கே தொடங்குவது என்று தோழிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ஒன்சென் என்பது நிலத்தடியிலிருந்து வரும் ஊற்று நீர். ஜப்பானில் இதற்கென்று 1948-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். ஊற்றுவாயில் 25 டிகிரியாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் குறிப்பிட்ட தாதுக்களில் ஒன்றாவது போதிய அளவில் கலந்திருக்க வேண்டும். அப்படியென்றால்தான் அந்தப் பெயர். பழைய நாளில் அறுவடை முடிந்த விவசாயிகள் அரிசியும் பாத்திரமும் சுமந்துகொண்டு இந்த ஊர்களுக்குப் போய், தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, ஒரு வாரம் இரண்டு வாரம் தங்கிக் குளித்து உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்புவார்கள். அதற்குத் தோஜி என்று பெயர். ஏழு நாள் ஒரு சுற்று என்பது கணக்கு.

இதனால் என்ன நன்மை? கழுத்தளவு நீரில் உட்கார்ந்தால் உடம்பின் எடை பத்தில் ஒரு பங்கு போலத்தான் தெரியும். தேய்ந்த முழங்காலுக்கு அதுவே பெரிய ஓய்வு. சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, இறுகிய தசை இளகுகிறது. தூங்கப் போவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் வெந்நீரில் குளித்தால் சீக்கிரம் தூக்கம் வரும் என்பதை ஆய்வுகளும் சொல்கின்றன. மூட்டு வலி குறைவதைக் காட்டிய ஆய்வுகளும் உண்டு, ஆனால் பெரும்பாலும் சிறிய அளவில் நடந்தவை. அதனால் "ஒன்சென் மூட்டுத் தேய்மானத்தைக் குணமாக்கும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தேய்ந்தது தேய்ந்ததுதான். வலி கொஞ்சம் விட்டு, நன்றாகத் தூங்கி, மறுநாள் காலை முகம் தெளிந்து எழுந்திருப்பது 76 வயதில் சின்ன விஷயம் இல்லை. என் அப்பா அப்படி எழுந்ததை நான் பார்த்தேன்.

முதலில் டாக்டர்

டிக்கெட் போடும் முன்பே, ஊரில் அவர்களைப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொல்லுங்கள். "40 டிகிரி வெந்நீரில் பத்து நிமிஷம் உட்காரலாமா?" என்று நேராகக் கேட்டால் போதும். காய்ச்சல், மூச்சு வாங்கும் அளவுக்கு இதயக் கோளாறு அல்லது நுரையீரல் கோளாறு, உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் அளவுக்குச் சிறுநீரகக் கோளாறு, கடுமையான ரத்தசோகை, முற்றிய புற்றுநோய், வயிற்றில் ரத்தக்கசிவு, இவற்றில் எது இருந்தாலும் ஒன்சென் வேண்டாம். இது என் சொந்தக் கருத்து இல்லை. யார் குளிக்கக் கூடாது என்ற பட்டியலை ஒவ்வொரு குளியலிடத்திலும் எழுதி ஒட்ட வேண்டும் என்பது சட்டம். உடை மாற்றும் அறைச் சுவரில் நீரின் பகுப்பாய்வுத் தாளோடு அதுவும் இருக்கும். போன் கேமராவைக் காட்டி மொழிபெயர்ப்பதாக இருந்தால், அங்கே எல்லாரும் உடை மாற்றுகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். குளியலறைப் பக்கம் போனை எடுக்கவே கூடாது. வரவேற்பு மேசையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சர்க்கரைக்காரர்களுக்கு மூன்று விஷயம் முக்கியம். இன்சுலின் போட்டவுடன் வெந்நீரில் இறங்கினால் மருந்து வேகமாக ரத்தத்தில் கலந்து சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். காலில் புண் இருந்தால் பொதுக்குளத்தில் இறங்கவே கூடாது. வலிக்கோ நெஞ்சுக்கோ தோலில் மருந்துப் பட்டை ஒட்டியிருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. சூட்டில் அந்த மருந்தும் கூடுதலாக உள்ளே போகும்.

பிரஷர் மாத்திரையை "இன்னிக்குக் குளிக்கப் போறோமே" என்று நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா ஒருமுறை அப்படிச் செய்துவிட்டு மாலையில்தான் சொன்னார். சின்ன பிரஷர் மிஷின் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் இடங்கள் பலவற்றில் மேல் அளவு 160-ஐத் தாண்டினாலோ, உடல் சூடு 37.5-ஐத் தொட்டாலோ அன்றைக்குக் குளிப்பாட்டத் தயங்குவார்கள். நானும் அதையே பின்பற்றுகிறேன்.

எந்த ஊர், எந்த நீர்

எல்லா ஒன்சென் நீரும் ஒன்றில்லை. இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது குசாத்சு. ஊர் நடுவே ஆவி பறக்கும் யுபாதாகே என்ற ஊற்று, மரப்பலகைகளால் நீரைக் கிளறிச் சூட்டைத் தணிக்கும் யுமோமி என்று கண்கொள்ளாக் காட்சி. எர்வின் பேல்ட்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் 1876-ல் ஜப்பானுக்கு வந்து, பின்னால் இந்த ஊரின் நீரையும் மலைக்காற்றையும் வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னார். ஆனால் அந்த நீரின் அமிலத்தன்மை பிஎச் 2-ஐ ஒட்டியது, கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாறு. வயதானவர்களின் மெலிந்த, வறண்ட தோலுக்கு முதல் தடவையே அது வேண்டாம் என்பேன். போய்ப் பாருங்கள், ரசியுங்கள், குளிப்பதை இன்னொரு தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்துக்கு ஏற்றது தன்ஜுன் ஒன்சென், அதாவது தாதுக்கள் குறைவாகக் கலந்த எளிய ஊற்று. தோக்கியோவில் இருப்பவர்களுக்கு ஹகோனே-யுமோதோ கைக்கெட்டும் தூரம். ஷின்ஜுகுவிலிருந்து ரொமான்ஸ்கார் ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், மாறி ஏற வேண்டியதில்லை. நகோயா பக்கம் இருப்பவர்களுக்கு கெரோ. அங்கே நீர் காரத்தன்மை உடையது, கையில் தடவினால் சீயக்காய் தேய்த்த மாதிரி வழுவழுவென்றிருக்கும். அந்த வழுவழுப்பு தரையிலும் இருக்கும் என்பதால் கைப்பிடி இல்லாத இடத்தில் முதியவர்களைத் தனியே நடக்க விடாதீர்கள். உப்புக் கலந்த ஊற்றுகளும் நல்லவை. குளித்து வந்தபின் நெடுநேரம் உடம்புச் சூடு ஆறாமல் இருக்கும்.

கந்தக ஊற்று அழுகிய முட்டை போல நாறும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. ஹகோனேயில் எல்லாரும் கறுப்பு முட்டை வாங்கப் போகும் ஓவாகுதானியிலும் ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் வர வேண்டாம் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள்.

விமானமேறிப் போக வசதி இருந்தால் கியூஷுவில் உள்ள பெப்புவைப் பரிந்துரைப்பேன், அதுவும் சைவம் சாப்பிடும் பெற்றோருக்கு. கன்னாவா பகுதியில் ஊற்று ஆவியிலேயே காய்கறி வேகவைத்துச் சாப்பிடலாம். பூசணி, சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் இட்லி அவிப்பது போல அவிந்து வரும். அம்மா கைப்பையில் வைத்திருந்த இட்லிப் பொடியைத் தூவிச் சாப்பிட்டார். ஜப்பான் வந்து அவர் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றுதான். மற்ற ஊர்களில், தங்கும் விடுதிச் சாப்பாட்டில் காய்கறிக் குழம்பில்கூட மீன் சாறு இருக்கும். சாப்பாடு இல்லாத 'சுதோமாரி' என்ற கட்டணத்தில் பதிவு செய்து, புளியோதரையைக் கட்டி எடுத்துக்கொண்டு போவதே நிம்மதி.

அறை பதிவு செய்யும்போது

பெரிய தடையே இங்கேதான் இருக்கிறது. ஒன்சென்னில் துணியோடு இறங்கக் கூடாது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, ஆனால் உள்ளே யாருக்கும் உடை கிடையாது. இதைச் சொன்னதும் அம்மா, "ஏட்டி, எல்லாத்தையும் அவுத்துட்டா? நான் மாட்டேன் தாயி, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். அப்பாவின் சங்கடம் வேறு மாதிரி. ஆண்கள் பக்கம் அவரோடு போக என் கணவர்தான் உண்டு. "மாப்பிள்ளை முன்னால எப்படிம்மா?" என்று என்னிடம் தணிந்த குரலில் கேட்டார். இந்தக் கூச்சத்தைப் பழமை என்று ஒதுக்கக் கூடாது. எழுபது வருஷம் காத்துவந்த மானம் அது. கட்டாயப்படுத்தி அழைத்துப் போனால் உடம்பு இறுகித்தான் உட்காரும், குளித்த பலனே இருக்காது.

வழி இருக்கிறது. 'கஷிகிரி' என்று கேளுங்கள். ஒரு குடும்பத்துக்கு மட்டும் முக்கால் மணி நேரம் போலத் திறந்துவிடும் தனிக் குளியலறை. உள்ளே தாழ் போட்டுக்கொள்ளலாம். அம்மாவும் அப்பாவும் மட்டும் போகலாம், அல்லது அம்மாவோடு நீங்கள் போகலாம். அறையை ஒட்டியே சொந்தத் தொட்டி உள்ள விடுதிகளும் உண்டு, விலைதான் கூடுதல். நாங்கள் கஷிகிரி எடுத்தோம். நான் துண்டைச் சுற்றிக்கொண்டு தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா முதலில் ஒரு காலை வைத்தார், பிறகு மறு காலை. "யம்மா" என்று ஒரு பெருமூச்சு விட்டார். எனக்கு நினைவு தெரிந்து அம்மா எதையும் செய்யாமல் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை.

அதற்கும் மனம் வரவில்லையென்றால் ஆஷியு இருக்கிறது, கால் மட்டும் நனைக்கும் குளம். தெருவோரத்திலேயே இலவசமாக இருக்கும். சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு உட்காரலாம். பெப்புவில் தாகெகாவாரா என்ற பழைய குளியலிடத்தில் மணல் குளியலும் உண்டு. யுகாதா உடையோடு படுக்கவைத்துச் சூடான மணலால் மூடுவார்கள். உடை கழற்றத் தயங்குகிறவர்களுக்குப் பிடிக்கும், ஆனால் மணலின் கனம் நெஞ்சை அழுத்தும். இதய நோயாளிகளை அதில் படுக்க வைக்காதீர்கள்.

பதிவு செய்யும் முன் விடுதியிடம் கேட்க வேண்டியவை: குளியலறைக்குப் படி ஏறி இறங்க வேண்டுமா? தொட்டி ஓரத்தில் கைப்பிடி ('தெசுரி') இருக்கிறதா? உள்ளே அவசர மணி இருக்கிறதா? அறையில் கட்டில் உண்டா, தரையில் மெத்தை விரிப்பார்களா? முழங்கால் தேய்ந்தவர்கள் தரைப் படுக்கையிலிருந்து எழுந்திருக்கப் படும் பாடு, குளியலால் வந்த சுகத்தையெல்லாம் காலையிலேயே போக்கிவிடும். வெளிநாட்டுப் பயணக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்கு எண் 119. அதற்குக் கட்டணமில்லை, ஆனால் ஆஸ்பத்திரிச் செலவு உண்டு.

இறங்கும் முன்

விடுதிக்குப் போனதும் அறையில் தேநீரும் ஒரு சின்ன இனிப்பும் வைத்திருப்பார்கள். அதைச் சாப்பிடச் சொல்லுங்கள் (சர்க்கரைக்காரர்கள் அளவு பார்த்து). வெறும் வயிற்றோடு வெந்நீரில் இறங்கினால் தலை சுற்றும். நிறைய சாப்பிட்டவுடனும் இறங்கக் கூடாது, அரை மணி நேரமாவது போகட்டும். ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். கழிப்பறைக்குப் போய்வந்துவிட வேண்டும். மது அருந்தியிருந்தால் அன்றைக்குக் குளியல் இல்லை.

குளிர்காலத்தில் உடை மாற்றும் அறைதான் ஆபத்தான இடம். கதகதப்பான அறையிலிருந்து வந்து, சில்லென்ற இடத்தில் உடையைக் கழற்றும்போது ரத்த அழுத்தம் எகிறுகிறது. உடனே வெந்நீரில் இறங்கினால் குழாய்கள் விரிந்து சரசரவென்று இறங்குகிறது. ஜப்பானியர்கள் இதை 'ஹீட் ஷாக்' என்கிறார்கள். இந்த நாட்டில் ஆண்டுதோறும் 4,000-க்கும் மேற்பட்ட முதியவர்கள் குளியல் தொட்டியில் இறந்துபோகிறார்கள். சாலை விபத்தில் இறக்கும் முதியவர்களைவிட இந்த எண்ணிக்கை அதிகம். பெரும்பாலும் வீட்டில்தான், பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். அதனால் உடையைக் கடைசி நிமிஷத்தில் கழற்றுவதும், இறங்கும் முன் உடம்பைச் சூட்டுக்குப் பழக்குவதும் கட்டாயம்.

தொட்டிக்கு வெளியே தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டுச் சுத்தமாகக் குளித்துவிட வேண்டும். தலையில் எண்ணெய் இருந்தால் அலசிவிட வேண்டும். கூந்தல் நீரில் படாமல் கொண்டை போட வேண்டும். துண்டைத் தொட்டிக்குள் நனைக்கக் கூடாது. பிறகு 'ககேயு': தொட்டி நீரைச் சின்ன வாளியில் மொண்டு முதலில் பாதத்தில், பிறகு முழங்கால், இடுப்பு, கை, தோள் என்று நெஞ்சுக்குத் தொலைவிலிருந்து மேலே மேலே ஊற்றிக்கொள்வது. நம்மவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். செம்பில் மொண்டு ஊற்றிப் பழகிய கைகள், பத்துச் செம்பு தாராளமாக ஊற்றிவிடும்.

நீரில், பிறகு நீரிலிருந்து

சூடு எவ்வளவு என்று சுவரில் எழுதியிருக்கும். 41 டிகிரிக்கு உள்ளே, பத்து நிமிஷத்துக்கு உள்ளே என்பது ஜப்பான் நுகர்வோர் விவகார அமைப்பு சொல்லும் அளவு. முதியவர்களும் பிரஷர், இதயக் கோளாறு உள்ளவர்களும் பக்கவாதம் கண்டவர்களும் 42 டிகிரிக்குப் போகவே கூடாது. முதல் தடவை மூன்று நிமிஷம் போதும். வெளியே வந்து ஓரத்தில் உட்கார்ந்து ஆறிவிட்டு, மறுபடி மூன்று அல்லது ஐந்து நிமிஷம். கழுத்து வரை மூழ்காமல் தொட்டியின் உள்படியில் உட்கார்ந்து மார்புக்குக் கீழே மட்டும் நனைத்தால் இதயத்தின் மேல் சுமை குறைவு. தோளில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டால் குளிராது.

என் அப்பாவுக்கு முதல் நாள் நான் இதை எதையும் சொல்லவில்லை. கூச்சம் தெளிந்து இறங்கியவர் சுகத்தில் லயித்துவிட்டார். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். என் கணவர் கூப்பிட்டதும், அருவியிலிருந்து ஒதுங்குகிற மாதிரி விருட்டென்று எழுந்திருக்கிறார். கண் இருட்டி, கால் மடங்கி, அப்படியே சரிந்திருக்கிறார். கணவர் கையெட்டும் தூரத்தில் நின்றதால் தாங்கிப் பிடித்தார். பத்து நிமிஷம் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, தண்ணீர் கொடுத்த பிறகு தெளிந்தது. அன்றிரவு நான் தூங்கவில்லை. அருவியில் குளிர்ந்த நீர் விழுகிறது, நாமே நடுங்கி ஒதுங்கிவிடுவோம். வெந்நீர் அப்படி விரட்டாது. உள்ளே வைத்தே களைப்படையச் செய்யும். அதனால் எப்போது எழுவது என்பதை இறங்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

குசாத்சுவில் ஜிகான்-யு என்று ஒரு பழைய வழக்கம் இருந்தது. 48 டிகிரியை ஒட்டிய நீரில், தலைவர் ஒருவர் குரல் கொடுக்க எல்லாரும் ஒன்றாக இறங்குவார்கள். மூன்று நிமிஷம் ஆனதும் அவர் சொல்லுக்கு ஒன்றாக எழுவார்கள். அந்தச் சூடு நமக்கு வேண்டாம், அந்த ஒழுங்கு வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது அந்தத் தலைவர் வேலை என் கணவருடையது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அவர் "மாமா" என்றதும் அப்பா முதலில் தோளை வெளியே எடுப்பார். பிறகு தொட்டி விளிம்பில் உட்கார்ந்து காலை மட்டும் நீரில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் இருப்பார். பிறகு கைப்பிடியைப் பிடித்து மெல்ல எழுவார். நெற்றியில் வேர்வை அரும்பினாலோ, படபடப்பு வந்தாலோ நேரம் மீதி இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். முதியவர்களை ஒருபோதும் தனியே இறங்க விடாதீர்கள். ஆண்கள் பக்கம் போகத் துணை இல்லையென்றால் கஷிகிரிதான்.

யாராவது நீருக்குள் மயங்கிவிட்டால் முதலில் முகத்தை நீருக்கு மேலே தூக்குங்கள், அடைப்பைத் திறந்து நீரை வடியவிடுங்கள், மணியை அழுத்துங்கள், கத்திக் கூப்பிடுங்கள்.

குளித்த பிறகு

எளிய ஊற்றாக இருந்தால் மேலே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். அமிலம், கந்தகம் உள்ள நீராக இருந்தால், அல்லது தோல் மெலிந்தவர்களாக இருந்தால், நல்ல தண்ணீரால் ஒருமுறை அலசிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுவதாக இருந்தால் அதற்குப் பிறகு. உட்கார்ந்தபடியே உடை மாற்ற வேண்டும். யுகாதாவை உடுத்தும்போது இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. பிறகு தண்ணீர், அரை மணி நேரம் ஓய்வு.

முதல் நாள் ஒரு தடவை போதும், மிஞ்சினால் இரண்டு. சில நாள் தங்குகிறவர்களும் ஒரு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் போகக் கூடாது. மூன்றாம் நாளை ஒட்டி இனம்தெரியாத அசதி, பசியின்மை, தலைபாரம் வரலாம். ஜப்பானியர்கள் இதை யுஅதாரி என்பார்கள். ஒரு நாள் குளிக்காமல் இருந்தால் சரியாகிவிடும்.

இன்னொன்றை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். வெள்ளி நகைகளைக் கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள். கந்தக ஊற்றுப் பக்கம் போனால் கொலுசும் மெட்டியும் சில நிமிஷத்தில் கறுத்துவிடும். கலப்புத் தங்கமும் மங்கலாம். அம்மா கொலுசைக் கழற்றித் தந்தார், மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். மூன்றாவது பயணத்தில் அது கரியாகக் கறுத்துப்போனது. வருத்தப்பட வேண்டாம். ஒரு கிண்ணத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, ஒரு ஸ்பூன் சமையல் சோடாவைப் போட்டு, கொதிநீர் ஊற்றி, மெட்டி தாளைத் தொடும்படி போட்டு வையுங்கள். கறுப்பு தாளுக்குப் போய்விடும். பளபளவென்று வெளியே எடுத்து, ஆறவிட்டு, அப்பாவே குனிந்து அம்மாவின் விரலில் போட்டுவிட்டார்.